பெருமூளை வாதம் உள்ள மகனின் அறிவை எதைக் கொண்டு அளப்பது?

கேள்வி: உவர்மலை அம்மா

வணக்கம். என் மகனுக்கு ஐந்தரை வயது ஆகிறது. வரும் ஜனவரியில் தரம் ஒன்றில் சேர வேண்டியவன். பிறந்தவுடன் அழவில்லை. பதினோராம் மாதத்தில் பெருமூளை வாதம் என்று வைத்தியர் சொன்னார். அவனால் பிடிப்பில்லாமல் உட்கார முடியாது. ஒரு பொருளை எடுக்கக் கை நீட்டினால் கை வேறு திசையில் முறுக்கிக்கொண்டு போய்விடும். அவன் பேச்சு எனக்கும் அப்பம்மாவுக்கும் மட்டுமே விளங்கும்.

சென்ற கிழமை ஒரு பாடசாலைக்கு அவனை அழைத்துச் சென்றோம். நான்கு மரக்கட்டைகளை அடுக்கும்படியும், ஒரு வட்டம் வரையும்படியும், தன் பெயரைச் சொல்லும்படியும் கேட்டார்கள். மூன்றும் அவனால் முடியவில்லை. பத்து நிமிடத்துக்குள், பிள்ளைக்கு விளக்கம் போதாது, இங்கே சேர்க்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மாலை வேளைகளில் அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள் கொண்டு போவது எங்கள் வழக்கம். அங்கே நிற்கும் மான்கள் எத்தனை என்று கேட்டால், எண்ணிக்கைக்கு ஏற்றபடி கண்ணை இறுக மூடித் திறப்பான். ஒரு நாள் நான் நான்கு என்று சொல்ல, அவன் ஐந்து முறை மூடித் திறந்தான். பிழைவிட்டுவிட்டான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தபோது, மரத்துக்குப் பின்னால் குட்டி ஒன்று படுத்திருந்தது.

உடல் இவ்வளவு பாதிக்கப்பட்டிருந்தால் அறிவும் அதே அளவுக்குப் பாதிக்கப்பட்டிருக்குமா? நான் காண்பது தாயின் ஆசை மட்டும்தானா? அறிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில் 1: தொழில்வழிச் சிகிச்சையாளர், திருகோணமலை

அம்மா, உங்கள் கேள்விக்குச் சுருக்கமான விடை: இரண்டும் ஒரே அளவில் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற விதி கிடையாது.

பெருமூளை வாதம் என்பது வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஏற்பட்ட சேதத்தால் அசைவும் உடலை நிலையாக வைத்திருக்கும் திறனும் பாதிக்கப்படுவதற்கு வைத்த பெயர். அறிவுத்திறன் குறைபாடு அந்தப் பெயரின் பொருளுக்குள் அடங்காது. அது கூடவே வரலாம், வராமலும் விடலாம். இந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது உண்டு, பாதிப் பேருக்கு இல்லை. நடக்க முடியாத பிள்ளைகளிடத்திலும் வலிப்பு உள்ள பிள்ளைகளிடத்திலும் அது கூடுதலாகக் காணப்படுவது உண்மைதான். ஆயினும் ஒரு தனிப் பிள்ளையின் கைகால்களைப் பார்த்து அதன் அறிவை யாராலும் கணிக்க முடியாது. நீங்கள் விவரிக்கும் முறுக்கு அசைவு பெரும்பாலும் மூளையின் ஆழத்தில், அசைவைச் சீர்படுத்தும் பகுதிகளில் ஏற்பட்ட சேதத்தால் வருவது. உடலின் இயலாமைக்கும் உள்ளே இருக்கும் விளக்கத்துக்கும் இடையிலான தூரம் மிக அதிகமாக இருக்கக்கூடியவர்கள் இந்த வகைப் பிள்ளைகளே; பேச்சும் கையும் ஒருங்கே கைவிடுவதால் மிகக் குறைவாக மதிக்கப்படுபவர்களும் இவர்களே.

அசைவை அளப்பதற்குத் தனி அளவுகோல்கள் இருக்கின்றன. 1997 இல் கனடாவில் வெளியிடப்பட்ட ஐந்து நிலை வகைப்பாட்டில், தடையின்றி நடக்கும் பிள்ளை முதலாம் நிலை. தலையையும் உடலையும் நிமிர்த்தி வைத்திருக்கவே சிரமப்பட்டு, எங்கும் பிறர் தள்ளிச் செல்லும் சக்கர நாற்காலியில் போகும் பிள்ளை ஐந்தாம் நிலை. கைப் பயன்பாட்டுக்கும் தொடர்பாடலுக்கும் வேறு வேறு ஐந்து நிலைகள் உண்டு. அவற்றில் எந்த எண்ணும் அறிவைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் மகனுக்கு அந்தப் பாடசாலையில் வைத்தது கைக்கும் நாவுக்குமான சோதனை. அவனுக்கு முடியாதவை எவையோ அவற்றையே கேட்டுவிட்டு, விளக்கம் போதாது என்று சொல்வது எனக்கு மிகவும் வேதனை தருகிறது.

கட்டை அடுக்காமல், பேசாமல் விடை சொல்லக்கூடிய சோதனைகள் நெடுங்காலமாகவே உள்ளன. பல படங்களுள் பொருந்தாத ஒன்றைச் சுட்டினால் போதும் என்ற கொலம்பியா அளவுகோல் 1954 இல் முதலில் உருவானது இந்தப் பிள்ளைகளுக்காகவே. விடுபட்ட துண்டைத் தெரிவு செய்யும் ரேவன் வண்ணப் படங்களும் உண்டு. விரலுக்குப் பதிலாகக் கண்ணால் சுட்டவும் இடம் கொடுக்கும் உளவியலாளரிடம் கொண்டு போங்கள். அதற்கு முன்னர் செவிப்புலனையும் பார்வையையும் சோதித்துக்கொள்ளுங்கள்; சரியாகக் கேட்காத பிள்ளையும் விளங்காத பிள்ளையைப் போலவே தோன்றும்.

வீட்டில் இன்றே ஒன்று செய்து பாருங்கள். இடுப்பும் பாதமும் நன்றாகத் தாங்கும்படி கதிரையில் அவனை இருத்துங்கள். உடல் தள்ளாடினால் கண்ணும் தள்ளாடும். இரண்டு படங்களை அகல விலக்கிப் பிடித்து, ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டு, மனதுக்குள் பதினைந்து எண்ணும் வரை வாய் திறக்காமல் காத்திருங்கள். பிறகு படங்களை இடம் மாற்றிப் பிடித்து அதையே கேளுங்கள். “கெதியாகக் காட்டு” என்று அவசரப்படுத்தினால் முறுக்கு இன்னும் கூடும். அவன் எவ்வளவு முயல்கிறானோ அவ்வளவு உடல் அவனுக்கு எதிராகத் திரும்பும்.

பாடசாலை விடயத்தில், உடற்குறை உள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் இலங்கையின் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், உடற்குறையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரையும் சந்தியுங்கள்.

பதில் 2: மூதூரிலிருந்து ஒரு தந்தை

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரி. எங்கள் கதை இதற்கு மறுபுறமானது. மகள் முப்பதாவது வாரத்தில் பிறந்தாள். கால்கள் இறுக்கம், நடைவண்டி பிடித்து நடப்பாள். கைகள் நன்றாக இயங்கும், பேச்சு தண்ணீராக ஓடும். ஆகவே கால் மட்டும்தான் பிரச்சினை என்று வைத்தியசாலையிலிருந்து பாடசாலை வரை எல்லோரும் எண்ணினோம்.

தரம் இரண்டில் கணிதம் வந்தபோது தடுமாறினாள். வாயால் கேட்டால் கூட்டுவாள். கொப்பியில் எழுதினால் பத்தின் இடத்து எண் ஒன்றின் இடத்துக்கு வழுக்கிப் போகும். வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடிக் கண்டுபிடிக்க மாட்டாள். தனியே எடுத்து வைத்தால் உடனே சொல்வாள். கவனமில்லாத பிள்ளை என்று நானே ஏசியிருக்கிறேன். அதை நினைக்கும்போது இன்றும் மனம் வலிக்கிறது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் கால்களுக்குப் போகும் நரம்பிழைகள் சேதமாகும் அதே பகுதியை ஒட்டித்தான் பார்வைச் செய்தியைக் கொண்டு செல்லும் இழைகளும் போகின்றன என்று பின்னர் ஒரு வைத்தியர் விளக்கினார். கண் தெளிவாகத் தெரியும். கண்டதைப் பிரித்து ஒழுங்குபடுத்துவதுதான் அவளுக்குக் கடினம்.

இப்போது பெரிய சதுரக் கட்டம் போட்ட கொப்பி, பக்கத்துக்கு இரண்டு கணக்கு மாத்திரம், மற்றவற்றை மூட ஒரு மட்டை. இவ்வளவுதான் மாற்றம்; ஆனால் கணக்குப் பாடம் வந்தால் அவள் அழுவது நின்றுவிட்டது. ஆகவே உங்கள் மகனுக்கு மொத்தமாக ஒரு எண்ணைப் போட்டுத் தருவதுடன் நிறுத்திவிடாமல், மொழி, பார்வை, நினைவு என ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள்.

பதில் 3: பாலையூற்று, பன்னிரண்டு வயது மகனின் தாய்

சகோதரி, உங்கள் மகனுக்கு நல்ல விளக்கம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் மற்றப் பாதியைச் சேர்ந்த ஒரு தாயாக இதை எழுதுகிறேன். என் மகனை முறையாக, கண்ணால் சுட்ட விட்டு, மூன்று தடவை வெவ்வேறு நாட்களில் சோதித்தார்கள். விளக்கம் மூன்று வயதுப் பிள்ளைக்குரிய அளவில் இருக்கிறது. எல்லாப் பிள்ளைக்குள்ளும் ஒரு மேதை ஒளிந்திருக்கிறான் என்று ஆறுதல் சொல்பவர்கள், என் பிள்ளை இருக்கிறபடியே இருந்தால் போதாது என்றும் சேர்த்தே சொல்கிறார்கள்.

நான் விட்ட பிழை வேறு. அவனை நடக்க வைப்பதற்காக ஒன்பது வயது வரை எண்ணெய், கட்டு, பயிற்சி என்று ஓடினேன். கனடாவில் 657 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2002 இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி எனக்குத் தாமதமாகவே சொன்னார்கள்: பெரிய அசைவுகளில் ஒரு பிள்ளை எட்டக்கூடியதில் பத்தில் ஒன்பது பங்கை, இலேசான பாதிப்பு உள்ள பிள்ளை ஐந்து வயதளவிலும், மிகக் கடுமையான பாதிப்பு உள்ள பிள்ளை மூன்று வயதுக்கு முன்னரும் எட்டிவிடுகிறது. கால்கை இறுகாமலும் இடுப்பு விலகாமலும் இருக்கப் பயிற்சி என்றும் தேவைதான். ஆனால் அவன் தெரிவு செய்யவும் கேட்கவும் பழகியிருக்க வேண்டிய ஆண்டுகளை நான் நடைக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது காலையில் இரண்டு சட்டைகளைக் காட்டினால், வேண்டியதைப் பார்த்துச் சிரிப்பான். அதைப் பழக்க எட்டு மாதம் ஆனது. சோதனை எதைச் சொன்னாலும், சொல்ல ஒரு வழியை முதலில் அவனுக்குக் கொடுங்கள்.

உவர்மலை அம்மா

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு கதிரையில் தலையணைகளை அடை கொடுத்து இருத்தி, பூனைப் படத்தையும் தோணிப் படத்தையும் பிடித்தேன். தோணி எது என்றேன். கை முறுக்கிக்கொண்டு போனது. நான் பேசாமல் எண்ணினேன். பன்னிரண்டில் கண் தோணியில் நின்றது. இடம் மாற்றினேன், மீண்டும் தோணியில் நின்றது. பத்துத் தடவையில் ஒன்பது சரி. பத்தாவதில் களைத்து என் தோளில் சாய்ந்துவிட்டான். செவிப்புலச் சோதனைக்குச் செவ்வாய்க்கிழமை போகிறோம். முடிவை இங்கேயே எழுதுகிறேன்.