சிடார் கேனூவின் உடலில் மரப் பதிப்பு வேலை: எப்போது, எவ்வளவு ஆழம்?

கேள்வி: ஏரிக்கரையான்

வணக்கம். ஒன்ராறியோவில் பீற்றர்பரோ அருகே வசிக்கிறேன். 16 அடி நீளத்தில் பிராஸ்பெக்டர் வகைக் கேனூ (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய படகு) ஒன்றைச் சிடார் கீற்றுகளால் கட்டி வருகிறேன். கால் அங்குல கனமும் முக்கால் அங்குல அகலமும் உள்ள கீற்றுகளை அச்சுப் பலகைகளின் மேல் ஒட்டி முடித்துவிட்டேன். வெளிப்புறத்தை இழைத்துச் சீராக்குவதும், அதன்மேல் ஃபைபர் கிளாஸ் துணி விரித்து எபொக்சிப் பிசின் பூசுவதும் மீதமிருக்கின்றன. அணியத்தின் (படகின் முன்முனை) இருபுறமும், எங்கள் மாகாணப் பறவையான லூன் என்னும் நீர்ப்பறவையின் உருவத்தை வால்நட், மேப்பிள் மரங்களில் வெட்டிப் பதிக்க விரும்புகிறேன். மெல்லிய வெனீரை (மரச் சீவல் தாள்) மேலே ஒட்டினால் போதுமா, அல்லது குழி வெட்டித்தான் பதிக்க வேண்டுமா? கால் அங்குல உடலில் குழி வெட்டினால் வலு குறைந்துவிடுமோ என்பதே என் முதன்மையான கவலை.

பதில்: உளியன்

வலுவைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. இவ்வகைப் படகில் இழுவிசையையும் அழுத்தத்தையும் பெரும்பாலும் தாங்குபவை உள்ளும் புறமும் உள்ள ஃபைபர் கிளாஸ் படலங்கள்தாம். நடுவிலுள்ள சிடார், அவ்விரண்டையும் விலக்கி நிறுத்தி ஒன்றாக இயங்கச் செய்கிறது. ஆகவே 2 மி.மீ. ஆழத்திற்குக் குழி வெட்டி, அதை மரத்தாலும் எபொக்சியாலும் இடைவெளியின்றி நிரப்பினால் படகுக்குக் கேடில்லை. துணிக்கு அடியில் காற்றுப் பை தங்கிவிட்டால்தான் ஆபத்து. அந்த இடத்தில் படலம் மரத்தைப் பற்றாமல் பின்னர் உரிந்து எழும்.

வெனீர் வேண்டாம். அது பொதுவாக 0.6 மி.மீ. அளவே இருக்கும், வளைந்த பரப்பில் அதைச் சமப்படுத்த முயலும்போதே தேய்ந்து அடி மரம் தெரிந்துவிடும். 3 மி.மீ. கனமுள்ள துண்டுகளை எடுத்து, சற்றே மேலெழுந்து நிற்கும்படி பதித்து, பிறகு உடலின் வளைவுக்கு ஏற்பச் சீவிக் கொள்ளுங்கள். துண்டுகளின் நரம்பு ஓட்டம் கூடியவரை படகின் நீளவாக்கில் இருக்கட்டும்.

வேலையின் வரிசை மிக முக்கியமானது. முதலில் உடல் முழுவதையும் 80 எண் உப்புத்தாள் வரை தேய்த்து முடித்துவிட வேண்டும். பதிப்பு அதற்குப் பிறகுதான். முன்பே பதித்துவிட்டு நீண்ட நேரம் தேய்த்தால் மென்மையான சிடார் விரைவாகக் குறையும், கடினமான வால்நட் அப்படியே நிற்கும். உருவத்தைச் சுற்றிலும் ஒரு பள்ளம் விழுந்துவிடும். வார்னிஷ் பூசி வெயிலில் நிறுத்தும்போது அந்தப் பள்ளம் தெளிவாகக் கண்ணில் படும். இன்னொன்று: வால்நட் தூள் மேப்பிளின் நுண்துளைகளில் புகுந்து அதன் வெண்மையைக் கெடுக்கும். எனவே பதித்த இடத்தில் உப்புத்தாளைக் குறைத்து, கூரான ஸ்கிரேப்பரால் சீவுங்கள். தூளை ஈரத் துணியால் துடைக்காமல் வாக்குவம் கொண்டு உறிஞ்சி எடுங்கள்.

குழியின் ஓரத்தைக் கத்தியால் ஆழமாகக் கோடிட்ட பின்னரே உளியை வையுங்கள். இல்லையேல் சிடார் கோட்டைத் தாண்டிப் பிளந்து போகும். ரவுட்டரின் (மரத்தில் குழி குடையும் மின்கருவி) அகன்ற அடித்தட்டு வளைந்த உடலில் ஆடும் என்பதால், நடுப்பகுதியை அகற்ற மட்டும் குறுகிய அடித்தட்டுடன் பயன்படுத்தலாம். ஒட்டும்போது மேலே மெழுகுத்தாள் வைத்து மணல் பையால் அழுத்துங்கள். வளைவு எப்படியிருந்தாலும் மணல் படிந்து கொடுக்கும்.

பதில்: துடுப்பு

உளியன் அவர்கள் கூறிய முறையை ஏற்கிறேன். இடத்தைப் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. பீற்றர்பரோவில் ஜான் ஸ்டீபன்சன் 1879-இல் சிடார் கேனூ ஒன்றுக்குக் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்தே, அவ்வூர்ப் படகுகளின் அழகு பெரும்பாலும் மரத்தின் கோடுகளிலேயே இருந்து வந்திருக்கிறது. உங்கள் ஊரிலேயே, லிட்டில் ஏரிக்கரையில் 2024-இல் புதிய கட்டடத்துக்கு மாறிய கனடியக் கேனூ அருங்காட்சியகம் இருக்கிறது. வெட்டத் தொடங்கும் முன் ஒருமுறை சென்று பழைய படகுகளின் முனைகளைப் பார்த்து வாருங்கள். என் விருப்பம், இரு முனைகளிலும் உள்ள சிறிய மேல்தட்டுகளில் பதிப்பதே. அவை கனமான மரத்தாலானவை, பெரும்பாலும் தட்டையானவை; மேசையில் வைத்தே வேலை செய்யலாம். துடுப்பு வலிப்பவரின் கண் முன்னேயும் இருக்கும்.

உடலில்தான் வேண்டும் என்றால் நீர்க்கோட்டுக்கு நன்கு மேலே வையுங்கள். பாறைக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யும் நாளில் பதிப்பும் சேர்ந்து தேய்ந்துவிடக் கூடாது.

ஏரிக்கரையான்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. லூனை உடலில், நீர்க்கோட்டுக்கு மேலேயே வைக்கிறேன். மேல்தட்டுகளை எளிமையான வால்நட்டாக விட்டுவிடுகிறேன். பறவையின் சிவந்த கண்ணுக்குப் படாக் மரத்தில் சிறு வட்டம் ஒன்று எண்ணியிருக்கிறேன். அதில் ஏதேனும் சிக்கல் வருமா?

பதில்: உளியன்

படாக்கின் சாயம் ஆல்கஹாலிலும் அசிட்டோனிலும் கரைந்து பரவும். மேப்பிளின் மீது அது படிந்தால் போகாது. ஆகவே எபொக்சிக்கு முன் அந்த இடத்தைக் கரைப்பான் கொண்டு துடைக்காதீர்கள். அதே மரத்துண்டுகளை ஒரு சிடார் கழிவில் பதித்து, எபொக்சி பூசிப் பாருங்கள். சிடார் எவ்வளவு கருக்கிறது, வால்நட் அதிலிருந்து எவ்வளவு பிரிந்து தெரிகிறது என்பதும் அப்போதே விளங்கிவிடும். துணி விரித்து எபொக்சி பூசுவதை மாலையில், வெப்பம் இறங்கும் நேரத்தில் வைத்துக் கொள்ளுங்கள். வெப்பம் ஏறும்போது சிடாரிலிருந்து காற்று வெளியேறிக் குமிழிகளாக நிற்கும். பதிப்பின் ஓரங்களில் அது இன்னும் எளிதாக நேரும். படாக்கின் சிவப்பு வெயிலில் நாளடைவில் பழுப்பாக மாறும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷை மூன்று பூச்சுக்குக் குறையாமல் பூசினால் அம்மாற்றம் தாமதப்படும். எபொக்சிக்கும் அந்தக் காப்பு தேவை.