கோயில் கணினி தினமும் 2009க்குப் போய்விடுகிறது, உதவுங்கள்

பால்மரம்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டக் கோயிலுக்குக் கணக்குப் பார்க்கிறேன். ஆபீஸில் இருப்பது விண்டோஸ் 7 ஓடும் பழைய டெஸ்க்டாப். அர்ச்சனைச் சீட்டு, நன்கொடை ரசீது எல்லாம் அதில்தான் அடிக்கிறோம்.

காலையில் திறந்தால் கறுப்புத் திரையில் சிமாஸ் செக்சம் எரர் என்று ஒரு வரி. எஃப்1 அழுத்தி உள்ளே போனால் தேதி 1.1.2009. அந்தத் தேதியில் எந்த இணையப் பக்கமும் திறக்காது, பாதுகாப்பில்லை என்று மிரட்டுகிறது. இணைய நேரத்தோடு சரிசெய்யும் பொத்தானை அழுத்தினால் எரர். தேதியையும் மணியையும் கையால் வைத்துவிட்டு மறுபடி அழுத்தினால் ஏற்றுக்கொள்கிறது, ஆனால் மணி சரியாக இரண்டரை மணி நேரம் பின்னால் போய்விடுகிறது! அதையும் கையால் திருத்துவேன். பகல் முழுக்க ஒழுங்காக ஓடும். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

ஒரு நாள் திருத்த மறந்து ரசீது அடித்துவிட்டேன். வாங்கியவர், "தம்பி, நான் இந்தத் தோட்டத்துக்கு வந்ததே 2012இல்தானே?" என்று கேட்டுவிட்டார்.

கம்பத்துக்காரன்:
பேட்டரி லா. தேதியையும் அமைப்பையும் வைத்திருக்கும் சிமாஸ் நினைவகத்துக்கு அதுதான் உயிர். கணினியின் முக்கியப் பலகையான மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒன்று இருக்கும். மாற்றிப் போடுங்கள், சில வெள்ளியில் (ரிங்கிட்) முடிகிற வேலை.

பால்மரம்:
மாற்றிவிட்டேன் அண்ணே, குழப்பமே அங்கேதான். இரண்டு வாரத்துக்கு முன்பு பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) புதிது வாங்கிப் போட்டேன். மீட்டர் வைத்தும் பார்த்தேன், 3.1 வோல்ட் காட்டுகிறது.

கம்பத்துக்காரன்:
அப்படியென்றால் போர்டு போச்சு. செகண்ட் ஹேண்டில் வேறு பாருங்கள்.

ஈப்போ ரிப்பேர்:
அதற்குள் போர்டைச் சாகடிக்க வேண்டாம். தம்பி, உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. 2009க்குப் போவது ஒன்று, இரண்டரை மணி நேரம் பின்வாங்குவது வேறொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் குழம்புகிறது.

முதலில் 2009. மூன்று கேள்வி: ராத்திரி சுவர் சுவிட்சை அணைக்கிறீர்களா? பேட்டரியை வெளியே எடுத்து அளந்தீர்களா, உள்ளே வைத்தபடியா? அதன் முதுகில் என்ன எண் இருக்கிறது?

பால்மரம்:
சுவிட்ச் தினமும் அணைப்போம். இடி மின்னலில் பக்கத்து வீட்டு மோடம் கருகியதிலிருந்து அப்படித்தான். அளந்தது வெளியே எடுத்து. எண் சிஆர்2025. பழையதில் சிஆர்2032. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், 2025 என்பதை வருஷம் என்று நினைத்துத்தான் வாங்கினேன்.

ஈப்போ ரிப்பேர்:
சிரிப்புத் தாங்கவில்லை, மன்னியுங்கள். எண்ணில் முதல் 20 விட்டம், 20 மில்லிமீட்டர். பின்னால் வரும் 32 என்றால் தடிமன் 3.2 மில்லிமீட்டர், 25 என்றால் 2.5. இரண்டும் 3 வோல்ட்தான், அதனால் மீட்டர் குறை சொல்லாது. ஆனால் உங்கள் பேட்டரி 0.7 மில்லிமீட்டர் மெலிந்தது. அடியில் இருக்கும் தகட்டை அது ஒழுங்காகத் தொடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பகலில் ஏன் தெரியவில்லை? சுவரில் மின்சாரம் இருக்கும்வரை பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும், கணினியை நிறுத்தியிருந்தாலும் கடிகாரம் அதில் ஓடும். சுவர் சுவிட்சை அணைத்ததும் பேட்டரியை விட்டால் வேறு துணை இல்லை. அதற்காக இடி நேரத்தில் சுவிட்சைப் போட்டு வைக்காதீர்கள், உங்கள் பழக்கம் நல்ல பழக்கம்.

கம்பத்துக்காரன்:
அலுமினியத் தாளை மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடுமே?

ஈப்போ ரிப்பேர்:
வேண்டவே வேண்டாம். தாள் நழுவினால் ஷார்ட். 2032 வாங்குங்கள். பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, பக்கத்துக் கொக்கியைத் தள்ளினால் பழையது துள்ளி வரும். புதியதன் கூட்டல் குறி மேலே. மெலிந்த பேட்டரியை மேசையில் போட்டு வைக்காதீர்கள். சின்னப் பிள்ளை விழுங்கினால் தொண்டை உள்ளேயே வெந்துவிடும், நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும். டேப் ஒட்டி எட்டாத இடத்தில் வையுங்கள்.

நெட்வொர்க் நாயகி:
பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரல்) அமைப்பைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள். என் ஆபீஸ் கணினியில் பேட்டரி மாற்றியபின், வன்தட்டோடு பேசும் முறை ஏஹெச்சிஐ என்றிருந்தது ஐடிஇ ஆகிவிட்டது. விண்டோஸ் நீலத் திரையோடு நின்றது, அரை நாள் போச்சு.

ஈப்போ ரிப்பேர்:
பொதுவாக நல்ல யோசனைதான். இவர் கணினி தினமும் காலையில் ஆரம்ப அமைப்புக்குத் திரும்பி, அதிலேயே விண்டோஸும் திறக்கிறது. அதனால் இவருக்கு இழக்க ஒன்றுமில்லை.

அடுத்தது இரண்டரை மணி. விண்டோஸில் நேர மண்டலம் எது?

பால்மரம்:
பார்த்தேன். சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி! தமிழில் தட்டச்சு வரவேண்டும் என்று என் மச்சான்தான் எல்லாவற்றையும் இந்தியா என்று மாற்றினான்.

ஈப்போ ரிப்பேர்:
ஆள் சுங்கை சிப்புட்டில், கணினி சென்னையில். உலகப் பொது நேரத்தைவிட இந்தியா ஐந்தரை மணி முன்னால், நாம் எட்டு, வித்தியாசம் இரண்டரை. கோலாலம்பூர், சிங்கப்பூர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்த் தட்டச்சு எங்கும் போகாது, அதற்கும் மண்டலத்துக்கும் சம்பந்தமில்லை. தேதி 2009 என்று இருந்தபோது அந்தப் பொத்தான் எரர் காட்டியதும் கோளாறு இல்லை. 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வீட்டுக் கணினியில் விண்டோஸ் தானாகத் திருத்தாது. கையால் கிட்டே கொண்டுவந்த பிறகுதான் கேட்கும்.

பழைய கிராணி:
நமக்கும் எட்டு மணி பிற்பாடு வந்ததுதான். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்குக் கடிகாரத்தைப் பன்னிரண்டாக்கி 1982ஐத் தொடங்கினோம். அதற்கு முன்பு ஏழரை. ஏழரை போனது என்று தோட்டத்தில் அப்போதே கிண்டல் செய்தோம்.

பால்மரம்:
ஈப்போ அண்ணனுக்கு நன்றி. டவுனில் சிஆர்2032 கிடைத்தது. போடும்போதே 'டக்' என்று உட்கார்ந்தது, முன்பு அந்தச் சத்தமே இல்லை. பயாஸில் தேதி வைத்துச் சேமித்தேன், மண்டலத்தையும் மாற்றினேன். மூன்று ராத்திரி சுவிட்சை அணைத்துப் பார்த்துவிட்டேன், எஃப்1 கேட்கவில்லை, மணியும் சரி. இனி ஒரே தலைவலி, 2009 தேதியில் போன அந்த ரசீது. புதிதாக அடித்துக் கொடுக்கலாமா?

பழைய கிராணி:
கூடாது. ஒரே காசுக்கு இரண்டு ரசீது எண் வந்தால் தணிக்கை செய்பவர் உங்களைத்தான் கேட்பார். அவரிடமிருந்து ரசீதை வாங்கி, தேதியை ஒரு கோடு போட்டு அடித்து, சரியான தேதியை மேலே எழுதி, நீங்களும் பொருளாளரும் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் நகலிலும் அதேபோல.