ரத்த டாக்டரிடம் போன அனுபவம்: மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

தறிக்காரன்:
அப்பாவுக்கு ஏபிஎல், வேகமாக முற்றும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய். அது எவ்வளவு அவசரம் என்று இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்று பல் டாக்டரிடம் போய், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் வெறும் 14 ஆயிரம் என்று வந்து, அன்று சாயங்காலமே ஹெமட்டாலஜி டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். ரத்த ஸ்லைடைக் கேட்டு வாங்கி அவரே மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். தலை நிமிராமலே நர்ஸிடம், "கீழே பார்மசி எத்தனை மணிக்கு மூடுவாங்க?" என்றார். ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வரும்வரை காத்திருந்தால் மூளையில் ரத்தம் கசியலாம், இன்று ராத்திரியே இந்த நோய்க்கான ஆட்ரா கேப்சூல் ஆரம்பிக்கணும் என்று சொல்லி, காலையில் நாலு, ராத்திரி நாலு என்று எழுதிக் கொடுத்தார். அப்புறம் ஆர்சனிக் டிரிப். பக்கத்துப் படுக்கைக்காரர் ஏதோ சொல்லிவிட்டார் போல, அப்பா நேராகவே கேட்டுவிட்டார்: "இது வெள்ளைப் பாஷாணம்தானே?" டாக்டர் சிரிக்கவில்லை. "ஆமாங்கய்யா, அதேதான். அளவு மட்டும் எங்க கையில" என்றார். அப்பா கையை நீட்டினார். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த "எத்தனை மணிக்கு மூடுவாங்க" இன்னும் என் காதில் இருக்கிறது, நாங்கள் மறுநாள் போகலாம் என்றுதான் முதலில் இருந்தோம்.

மீனா:
அம்மாவுக்கு சிஎம்எல், மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய். 2011லிருந்து தினமும் இமாடினிப் 400 மாத்திரை. ஒரு தடவை, நோய் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் பிசிஆர் டெஸ்டில் அளவு ஏறி வந்தது. மருந்து வேலை செய்யவில்லையோ என்று நான் பயந்து போய் இருக்க, டாக்டர் அடுத்த தடவை வரும்போது மாத்திரை அட்டைகளை எடுத்துவரச் சொன்னார். மேஜையில் பரப்பி எண்ணினார். ஒன்பது மாத்திரை மிச்சம். அம்மா வெள்ளியும் கிருத்திகையும் விரதம், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று விட்டிருக்கிறார். டாக்டர் திட்டவில்லை, "விரதம் இருங்க, ராத்திரி பலகாரம் சாப்பிட்டதும் நிறைய தண்ணியோட போடுங்க" என்றார், அவ்வளவுதான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியவில்லை.

பழைய_பேஷண்ட்:
தறிக்காரன், உங்கள் டாக்டர் நல்லவர், சரி. டெஸ்டுக்காக இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே? எனக்கு "எறும்பு கடிச்ச மாதிரி" என்றார்கள். மரத்துப்போக ஊசி போடுவது எறும்புதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த மருந்து எலும்புக்கு உள்ளே போகாது. சிரிஞ்சில் உறிஞ்சும்போது இடுப்பிலிருந்து கால்வரை ஒரு இழுப்பு, அதை ஏன் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை? "பத்து செகண்ட் பயங்கரமா இழுக்கும்" என்று சொல்லியிருந்தால் பல்லைக் கடித்திருப்பேன்.

கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறேன். கீமோ ஆரம்பிக்கும் முன்பே பிளேட்லெட் கொடுக்க ஆள் பிடித்து வையுங்கள். பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைக்க முடியாது, அதனால் முன்பே வாங்கிச் சேர்த்துவைக்கும் கதை நடக்காது. எஸ்டிபி (ஒரே ஆளிடமிருந்து மெஷினில் பிளேட்லெட் மட்டும் பிரித்து எடுப்பது) கொடுக்க வருபவருக்குக் கையில் நரம்பு நன்றாக இருக்கணும், மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் போட்டிருக்கக் கூடாது. என் மச்சான் தலைவலி மாத்திரை போட்டுவிட்டு வந்து, ரத்த வங்கி வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டான். அப்புறம் கீமோ சமயத்தில் காய்ச்சல் 100.4 தொட்டால் பாராசிட்டமால் போட்டுத் தூங்காதீர்கள், ராத்திரி இரண்டு மணி ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கோவை_சித்தப்பா:
பப்பாளி இலைச்சாறு கொடுத்துப் பாருங்கள், எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு ஒரே வாரத்தில் பிளேட்லெட் ஒரு லட்சம் ஏறியது.

மீனா:
சித்தப்பா, அது டெங்குவாக இருந்திருக்கும். டெங்குவில் ஒரு வாரத்தில் தானாகவே ஏறும். இது மஜ்ஜையிலேயே கோளாறு. டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

தறிக்காரன்:
பழைய_பேஷண்ட், நான் அப்போது பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தேன். இப்போது அப்பாவிடம் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். "எறும்பா? தேளுடா" என்றார்.