25 பாண்ட் படங்களும் முடிந்தன, வரிசை தலைகீழ்!

மழை பிடித்த சமயம் எழுதியிருந்தேன்: 'டாக்டர் நோ' (1962) முதல் 'நோ டைம் டு டை' (2021) வரை 25 ஜேம்ஸ் பாண்ட் படங்களையும் பார்த்து வரிசைப்படுத்தப் போகிறேன், முதலிடம் 'கோல்ட்ஃபிங்கர்', கடைசி ஜார்ஜ் லேசன்பி பாண்டாக நடித்த 1969 படம் 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' என்று. கோத்தகிரி மின்வெட்டில் தடுமாறி, ஒருவழியாக நேற்று ராத்திரி முடித்தேன்.

முதலில் ஒரு மன்னிப்பு. அந்த 1969 படத்தை அன்று பாதிகூடப் பார்க்காமல்தான் திட்டியிருந்தேன். இப்போது அதுதான் முதலிடம். வில்லனின் கோட்டையாக வரும் சுவிட்சர்லாந்தின் ஷில்ட்ஹார்ன் சிகரம் சுமார் 2,970 மீட்டர்; நம் தொட்டபெட்டா 2,637தான். அங்கிருந்து பனிச்சறுக்கில் தப்பிக்கும் காட்சியை, வெளியே மூடுபனி, மடியில் கம்பளி என்று பார்த்தபோது எனக்கே குளிர் ஏறியது. கல்யாணம் முடிந்த கையோடு மனைவியைப் பறிகொடுத்து பாண்ட் உட்கார்ந்திருக்கும் முடிவு, இந்தத் தொடரில் வேறெங்கும் இல்லாத வலி. லேசன்பி கொஞ்சம் விறைப்புதான், சரி, போகட்டும்.

இரண்டாவது 'கேசினோ ராயல்' (2006). 'கோல்ட்ஃபிங்கர்' மூன்றாவது. கடைசி இடம், கண்ணுக்குத் தெரியாத கார் வரும் 'டை அனதர் டே'. அதற்குச் சமாதானமே கிடையாது.

'ஆக்டோபுசி'யை மட்டும் நியாயமில்லாமல் எட்டாவதில் வைத்திருக்கிறேன். உதய்ப்பூர் ஆட்டோ துரத்தலில் சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ் டென்னிஸ் மட்டையால் அடியாட்களைச் சாத்துகிறார். மாமா அந்த இடத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்.