படம் உருளுற பழைய ரீவி: அரை வரிக் கணக்கு

மட்டக்களப்பில கல்லடி, நாவலடிப் பக்கம் பெட்டி ரீவியில படம் உருளுது எண்டால் கன பேர் உடன வேர்டிகல் ஐசியை (படத்தை மேலிருந்து கீழ விரிக்கிற சிப்பை) கழற்றுறாங்க. வேண்டாம். ஐசி போனால் படம் நடுவில ஒரு வெள்ளைக் கோடாகச் சுருங்கும். உருளுது எண்டால் நேரக் கணக்குத்தான் பிசகியிருக்கு.

பால் (PAL) எண்ட ரீவி முறையில ஒரு பிரேமுக்கு (முழுப் படத்துக்கு) 625 வரி (படுக்கைக் கோடு), செக்கனுக்கு 25 பிரேம். ஒரு பிரேம் ரெண்டு ஃபீல்டாக வரும், ஃபீல்டுக்கு 312½ வரி. அந்த அரை வரியாலதான் ரெண்டாவது ஃபீல்டின் வரிகள் முதலாவதின் இடைவெளிக்குள்ள விழுது. ஒரு வரிக்கு 64 மைக்ரோசெக்கன், அதில சிங்க் துடிப்பு (வரி தொடங்குற நேரத்தைச் சொல்லுற சைகை) 4.7. ஃபீல்ட் மாறுற இடத்தில 27.3 மைக்ரோசெக்கன் அகலத்தில அஞ்சு துடிப்பு வரும். வீடியோவில இருந்து இந்தத் துடிப்புகளைப் பிரிச்செடுக்கிற சிங்க் பிரிப்பானுக்குப் பிறகு ஒரு ரெசிஸ்டரும் கொண்டென்சரும் இருக்கும் (10 கிலோ ஓம், 4.7 நானோஃபரட் போல). வரித் துடிப்பில அந்தக் கொண்டென்சர் நிறையாது. அகலத் துடிப்பில நிறைஞ்சு, ஒவ்வொரு ஃபீல்டையும் மேலிருந்து தொடக்கிற ஒசிலேட்டரைத் தட்டிவிடும்.

ஹோல்ட் குமிழ் (ஒசிலேட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது) உள்ள செட் எண்டால் மெதுவாகத் திருப்பிப் பாருங்க. படம் ஒரு கணம் நிண்டு திரும்ப நழுவினால் துடிப்பு வந்து சேரேல்ல: அந்தக் கொண்டென்சரையும் ரெசிஸ்டரையும் மாத்துங்க. எவ்வளவு திருப்பியும் நிற்காட்டி ஒசிலேட்டரின் பாகங்கள். படம் உருளுறதோட சரிஞ்சு கிழியவும் செய்தால் சிங்க் பிரிப்பான், இல்லாட்டி அன்டனா.

உருளுற திசையையும் கவனிங்க. துடிப்பு இல்லாம தானாக ஓடேக்க ஒசிலேட்டர் 50 ஹேர்ட்ஸை விடக் கொஞ்சம் மெதுவாக, 45 அளவில ஓடவேணும். அப்பதான் துடிப்பு வந்து நேரத்துக்கு முன்னம் தட்டும். மெதுவானால் படம் மேல போகும், வேகமானால் கீழ வரும். கீழ வாறதைத் துடிப்பால பிடிக்க ஏலாது. உப்புக் காத்தில ஹோல்ட் பிரிசெட்டின் (உள்ளுக்கு இருக்கிற சின்னத் திருப்பு ரெசிஸ்டரின்) கரித்தடம் கெட்டுப்போறது இங்க வழமை. கிளீனர் அடிச்சால் கொஞ்ச நாளைக்குத்தான், புதுசு போடுறதே நல்லம்.

---

மேல அண்ணன் எழுதினதோட நானும் ஒண்டு சொல்லுறன். அகலத் துடிப்புக்கு முன்னுக்கும் பின்னுக்கும் 2.35 மைக்ரோசெக்கனில அஞ்சஞ்சு சமப்படுத்தும் துடிப்பு இருக்கு. ரெண்டு ஃபீல்டும் அரை வரி தள்ளித் தொடங்குறதால கொண்டென்சரில மிஞ்சுற மின்னேற்றம் வித்தியாசப்படும். அதைச் சமன் செய்யத்தான் இது. இல்லாட்டி தட்டுற நேரம் மாறி வரிகள் சோடி சோடியாக ஒட்டும். திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தால் வரிகளுக்கு இடையில கறுப்பு இடைவெளி தடிப்பாகத் தெரியும். ஸ்கோப்பை (ஒசிலோஸ்கோப்பை) கட்டத்துக்கு 20 மைக்ரோசெக்கனில வைங்க. அகலத் துடிப்பு அஞ்சும் 160 மைக்ரோசெக்கனுக்குள்ள நிக்கும். வீடியோ 1 வோல்ற் எண்டால் சிங்க் 0.3 இருக்கவேணும். அதுக்குக் குறைஞ்சால் ரீவியைத் திறக்கிறதுக்கு முதல் கேபிளைப் பாருங்க.

---

கல்முனைக் கடைகளில பழைய ரீவியை சிசிரிவிக்கு (காவல் கமெராவுக்கு) பூட்டினால் படம் உருண்டு, உயரமும் குறையுது எண்டு கொண்டு வாறாங்க. ரீவியில பிழையில்ல. டிவிஆர் (கமெராப் படத்தைப் பதியுற பெட்டி) பாலுக்குப் பதிலாக என்ரிஎஸ்சி (NTSC) எண்ட மற்ற ரீவி முறையில கிடக்கு: 525 வரி, 60 ஹேர்ட்ஸ் அளவு. ஃபீல்ட் 20 மில்லிசெக்கனுக்குப் பதிலாக 16.7இல முடியுறதால படம் ஆறில அஞ்சு பங்காகும். டிவிஆர் மெனுவில பால் (PAL) முறைக்கு மாத்தி, ஓஃப் பண்ணிப் போடுங்க. கமெராவும் பாலில இருக்கவேணும்.