ஸ்பிட்ஃபயரில் குறி தவறிக்கொண்டே போகிறது: ஒட்டிப் போய்ச் சுடுவதா, முன்னால் வைத்துச் சுடுவதா?

முகில்வாலன்:
ஒரு மாதமாகச் சிமுலேட்டரில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 1 ஓட்டுகிறேன். எதிரியின் வாலைப் பிடிப்பது ஒருவழியாக வந்துவிட்டது, சுடுவதுதான் வரவே மாட்டேன் என்கிறது. நேற்று ஒரே ஒரு ஜெர்மானிய 109 போர்விமானத்தின் மேல் எட்டுத் துப்பாக்கியையும் காலி செய்தேன். இறக்கை நுனியில் நாலு ஓட்டை விழுந்தது, அவன் பாட்டுக்குப் போய்விட்டான். டிரேசர் (ஒளிவிட்டுப் போகும் குண்டு) எல்லாம் அவன் வாலுக்குப் பின்னாலேயே போகிறது. எதைப் பழகுவது?

குண்டூசி:
கிட்டப் போங்கள், அவ்வளவுதான். ஜெர்மன் விமானி எரிக் ஹார்ட்மன் 352 விமானங்களை வீழ்த்தியவர், கண்ணாடி முழுக்க எதிரி நிறையும் வரை காத்திருந்து சுடுவதுதான் அவர் வழி. நான் 100 மீட்டருக்கு வெளியே டிரிகரைத் தொடுவதே இல்லை. குறி பார்க்கும் கணக்கெல்லாம் தூரத்தில் இருப்பவனுக்குத்தான்.

ஆறாம்விரல்:
நேராகப் பறக்கிற, பின்னால் வருகிறவனைக் கவனிக்காத எதிரிக்கு அது சரி. ஆன்லைனில் எவன் அப்படிப் பறக்கிறான்? உங்களைப் பார்த்த நொடியே திரும்பிவிடுவான். அப்போது குறுக்கே போகிறவனை அடிக்கத் தெரியாவிட்டால் ராத்திரி முழுக்க வட்டம் போடலாம். மால்டாவில் 1942-இல் கனடா விமானி பெர்லிங் பேர் வாங்கியதே அப்படி எதிரிக்கு முன்னால் குறி வைத்துச் சுட்டுத்தான்.
கணக்கைப் பாருங்கள். எதிரி 500 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போகிறான், அதாவது நொடிக்கு 139 மீட்டர். குண்டின் சராசரி வேகம் நொடிக்கு 800 மீட்டர் என்று வைத்தால், 300 மீட்டர் போய்ச் சேருவதற்குள் அவன் 50 மீட்டருக்கு மேல் நகர்ந்திருப்பான். 109-இன் நீளம் சுமார் 9 மீட்டர். கிட்டத்தட்ட ஆறு விமான நீளம் முன்னால் வைக்க வேண்டும், முகில்வாலன் வைப்பது ஒன்றரை இருந்தால் அதிகம். வாலுக்குப் பின்னால் போகாமல் என்ன செய்யும்?

குண்டூசி:
அதே கணக்கை 100 மீட்டருக்குப் போடுங்கள், 17 மீட்டர், ரெண்டு நீளம். நான் சொன்னதைத்தான் நீங்கள் நிரூபித்திருக்கிறீர்கள், நன்றி.

ஆறாம்விரல்:
நீங்கள் ஓட்டுவது 109 எஃப்-4, பீரங்கி மூக்கிலேயே இருக்கிறது, எந்தத் தூரத்திலும் நேராகப் போகும். அவர் துப்பாக்கிகள் இறக்கையில். கன்வர்ஜென்ஸ், அதாவது இரண்டு இறக்கைக் குண்டுகளும் ஒன்றுசேரும் தூரம், 230 மீட்டரில் இருந்தால் 100 மீட்டரில் குண்டுகள் எதிரியின் உடம்புக்கு இரண்டு பக்கமும் பிரிந்து போகும். பிரிட்டிஷ் விமானப்படையே முதலில் 400 கெஜத்துக்கு அமைத்து, அப்புறம் விமானிகள் கேட்டுக் கேட்டு 250 கெஜத்துக்கு இறக்கியது. முகில்வாலன், உங்களுடையது எவ்வளவு?

முகில்வாலன்:
அப்படி ஒரு அமைப்பு இருப்பதே இப்போதுதான் தெரியும். பார்த்தேன், 400 மீட்டர்.

குண்டூசி:
சரி, அது என் தப்பு, இறக்கைத் துப்பாக்கியை யோசிக்கவில்லை. 150-க்கு இறக்கிவிட்டு கிட்டப் போங்கள். கிட்டப் போவதை மட்டும் விடமாட்டேன்.

ரட்டர்மிதி:
ரெண்டு பேரும் தூரத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். சுடும்போது விமானத்தின் சறுக்கலைக் காட்டும் கருவியில் பந்து எங்கே இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மூக்கு ஒரு பக்கம், விமானம் போவது இன்னொரு பக்கம் என்று 5 டிகிரி சறுக்கினால், 400 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பத்து மீட்டர் பக்கவாட்டு நகர்வு குண்டோடு சேர்ந்தே போகும். 300 மீட்டரில் அது மூணு மீட்டருக்கு மேல். குறி மிகச் சரியாக இருந்தாலும் குண்டு உடம்பை விட்டு விலகிவிடும். இதில் கொடுமை என்னவென்றால், சுடுகிற பரபரப்பில் குறியைத் திருத்த எல்லோரும் ரட்டரைத்தான் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகையின் மிதியை) மிதிக்கிறார்கள், நானும் ஒரு வருஷம் அப்படித்தான் மிதித்தேன். ரீப்ளேவில் டிரிகர் அழுத்திய நொடியில் நிறுத்தி, பந்தைப் பாருங்கள்.
இன்னொன்று. மார்க் 1-இல் துப்பாக்கிக்கு 300 குண்டுதான், அழுத்திப் பிடித்தால் பதினைந்து நொடியில் தீர்ந்துவிடும். டிரேசரைப் பார்த்துக்கொண்டே பூச்செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரி திருத்தினால் பாதி அதிலேயே போய்விடும். ஒரு நொடி சுடுங்கள், விடுங்கள், பாருங்கள்.

ஆறாம்விரல்:
பந்து சரி, ஆனால் இறுக்கமான திருப்பத்தில் பந்தைப் பார்க்க யாருக்கு நேரம்?

ரட்டர்மிதி:
யார் பார்க்கச் சொன்னது, கால்தான் பழக வேண்டும். எதிரியே இல்லாமல் பத்து நிமிஷம் இடமும் வலமுமாகத் திரும்பிப் பாருங்கள்.

முகில்வாலன்:
ரீப்ளே பார்த்துவிட்டு வருகிறேன். கன்வர்ஜென்ஸை 200-இல் வைத்தேன். ஏழு தடவை சுட்டதில் ஆறு தடவை பந்து வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிச்சம் ஒரு தடவைதான் அந்த நாலு ஓட்டை.

குண்டூசி:
அந்த ஒரு தடவை எத்தனை மீட்டர்?

முகில்வாலன்:
120.

குண்டூசி:
😌

ஆறாம்விரல்:
ஒரு தடவையை வைத்துக்கொண்டு ஆடாதீர்கள். மற்ற ஆறும் எவ்வளவு தூரம் என்று முதலில் கேளுங்கள்.