லாக் ஸ்குறூ காணுமாம்! மர டெக்கில இரும்பு, அலுமினியம் றெயிலிங் பூட்டிறவை வாசியுங்கோ

தச்சன்_மார்க்கம்:
பக்கத்து இழையில பனங்காய்த்தம்பி எழுதினதை வாசிச்சிட்டு இரவு நித்திரை வரேல்லை. "மர டெக்கில (வீட்டோட ஒட்டின வெளித்தளத்தில) அலுமினியம் றெயிலிங் பூட்டிறது ஒரு பின்னேர வேலை. ஒரு போஸ்ற்றுக்கு (றெயிலிங் தூணுக்கு) நாலு லாக் ஸ்குறூ (நட்டில்லாமல் நேர மரத்துக்குள்ள முறுக்கிற தடிச்ச ஸ்குறூ) மேலால இறுக்கினால் காணும். போல்ற், பிளொக்கிங் (கீழ அடிக்கிற குறுக்குக் கட்டை) எல்லாம் கொன்ராக்ரர்மார் காசு பிடுங்கிற கதை" எண்டு எழுதியிருக்கிறார். நான் 22 வருசமா ரொறன்ரோப் பக்கம் ஸ்காபுறோ, மார்க்கம், ஏஜக்ஸ் எண்டு டெக் அடிக்கிறவன். போன கிழமை ஒரு வீட்டில இப்பிடிப் பூட்டின மூலைப் போஸ்ற்றை ரெண்டு விரலால தள்ளினன். போஸ்ற்றின்ர அடித்தட்டு, டெக் பலகையை விட்டு எழும்பிச்சுது. ஸ்குறூவைக் கையாலயே கழட்டி எடுத்தன். புரி முழுக்க ஈரமான கறுத்த மரத்தூள். அந்த வீட்டில மூண்டு வயசுப் பிள்ளை ஓடித் திரியுது.

பனங்காய்த்தம்பி:
அண்ணை, பலகையில மட்டும் இறுக்கச் சொல்லி நான் எங்க எழுதினனான்? கீழ ஜொயிஸ்ற் (பலகையைத் தாங்கிற மரச்சட்டம்) இருக்குது, அதுக்குள்ள போகும். என்ர வீட்டில 6 வருசமா நிக்குது. ஆடேல்லை. உங்களுக்கு ஆற்றை வீட்டைப் பாத்தாலும் பில்தான் தெரியும்.

தச்சன்_மார்க்கம்:
ஜொயிஸ்ற் ஒண்டரை இஞ்சி. அடித்தட்டு நாலு இஞ்சிச் சதுரம், மூலைக்கு ஒரு ஓட்டை. நாலு ஸ்குறூவும் எப்பிடியப்பா ஒண்டரை இஞ்சி மரத்துக்குள்ள போகும்? ரெண்டு பிடிச்சால் மற்ற ரெண்டும் ஒரு இஞ்சிப் பலகையில. அதுக்குத்தான் ரெண்டு ஜொயிஸ்ற்றுக்கும் இடையில குறுக்குக் கட்டை அடிச்சு, போல்ற்றைக் கீழ வரைக்கும் இறக்கி, வொஷர் போட்டு நட்டை இறுக்கிறது. லாக் ஸ்குறூ காணாது.

கணக்குப்பிள்ளை:
கணக்கைப் பாப்பம். வீட்டு றெயிலிங்கில எந்த இடத்தில 1 கிலோநியூட்டன் தள்ளினாலும் தாங்க வேணும் எண்டு ஒன்ராறியோக் கட்டடச் சட்டம் சொல்லுது. கிட்டத்தட்ட 100 கிலோ. அது 900 மி.மீ. உயரத்தில விழுது. கீழ உள்பக்கத்துப் போல்ற்றில இருந்து அடித்தட்டின்ர வெளி விளிம்பு வரைக்கும் ஒரு 90 மி.மீ. வருமெண்டு வையுங்கோ. நெம்புகோல் 10 மடங்கு. உள்பக்கத்து ரெண்டு ஆணியும் சேர்ந்து 1000 கிலோவை இழுத்துப் பிடிக்க வேணும். ஒண்டுக்கு 500.

பனங்காய்த்தம்பி:
என்ர டெக்கில ஆர் வந்து 100 கிலோவில சாயிறது? நாங்கள் நாலு பேர், தேத்தண்ணி குடிக்கிற இடம்.

தச்சன்_மார்க்கம்:
பிறந்தநாளுக்கு 30 பேர் வருவினம். பாபகியூப் புகைக்கு ஒதுங்கி நாலு பேர் ஒரே பக்கம் சாய்வினம். நீங்கள் அப்பவும் தேத்தண்ணிதான் குடிச்சுக்கொண்டிருப்பியள். லாக் ஸ்குறூ காணாது.

மதுரைக்காரன்:
ஒரு சந்தேகம். 900 மி.மீ.ன்னா 36 இன்ச்தானே? எங்க மிசிசாகா வீட்டுல இன்ஸ்பெக்டர் 42 இன்ச் வேணும்னு சொல்லி திருப்பி அனுப்பிட்டார். நீங்க போடுற கணக்கே தப்பு.

கணக்குப்பிள்ளை:
தப்பில்லை. டெக் தரையில இருந்து 1.8 மீற்றருக்குள்ள எண்டால் 900 மி.மீ. போதும். அதுக்கு மேல போனால் 1070, அதுதான் உங்கட 42 இஞ்சி. உங்கட டெக் உயரம் எவ்வளவு?

மதுரைக்காரன்:
உயரம் கிடக்கட்டும். முதல்ல 'ஸ்குறூ'ன்னு எழுதறதை நிறுத்துங்க. ஸ்க்ரூ.

நெல்லியடி_வாத்தி:
ஸ்குறூ எண்டுதான் எங்கட ஊரில சொல்லுறது. உங்களிட்டத் தமிழ் படிக்க வரேல்லை.
விசயத்துக்கு வாறன். ஒருத்தரும் அரிப்பைப் பற்றிக் கதைக்கேல்லை. உக்காமல் இருக்க ஆர்சனிக் போட்ட மரம் வீட்டுப் பாவனைக்கு 2003 கடைசியோட நிண்டுட்டுது. அதுக்குப் பிறகு வாற மரத்தில செம்பு கூட. ஈரத்தில செம்பும் அலுமினியமும் தொட்டால் அலுமினியம் தின்னுப்பட்டு வெள்ளைப் பொடியாக் கொட்டும். தட்டுக்குக் கீழ றப்பர் வைக்க வேணும். நாக (சிங்க்) முலாம் லேசாப் பூசின மலிவு ஆணி துருப்பிடிக்கும். சூட்டில தோய்ச்சு முலாம் பூசினது, இல்லாட்டித் துருப்பிடிக்காத எஃகு.

பனங்காய்த்தம்பி:
பாத்தியளே, வாத்தியார் சொல்லுறார் பிழை ஆணியின்ர முலாமிலதான் எண்டு. லாக் ஸ்குறூவில இல்லை.

நெல்லியடி_வாத்தி:
நான் அப்பிடிச் சொல்லேல்லை.

தச்சன்_மார்க்கம்:
போன மாரியில கூரைப் பனிக்கு உப்புக் கொட்டச் சொன்னதும் இவர்தான். அப்பவும் "என்ர வீட்டில ஒண்டும் நடக்கேல்லை" எண்டுதான் நிண்டவர். தம்பி, மாரியில மரம் ஈரம் குடிச்சு ஊதும், கோடையில காய்ஞ்சு சுருங்கும். வருசா வருசம் புரி பிடிச்ச இடம் தளரும். நட்டு எண்டால் கீழ போய் இன்னொரு சுத்து இறுக்கலாம். தளர்ந்த லாக் ஸ்குறூவை இறுக்கினால் சும்மா சுத்தும்.

பனங்காய்த்தம்பி:
உப்புக் கதையை இஞ்ச ஏன் கொண்டு வாறியள்? நான் வாங்கின பெட்டிக்குள்ள வந்த தாளிலயே லாக் ஸ்குறூ எண்டுதான் கிடக்கு. றெயிலிங் செய்யிறவனை விட உங்களுக்குக் கூடத் தெரியுமோ?

தச்சன்_மார்க்கம்:
அந்தத் தாளைப் படம் எடுத்துப் போடுங்கோ. கீழ குறுக்குக் கட்டை அடிக்கச் சொல்லியிருக்கும், அதுக்குள்ள எத்தினை இஞ்சி புரி போக வேணுமெண்டும் இருக்கும்.

பனங்காய்த்தம்பி:
தாள் பேஸ்மென்ற்றில எங்கயோ. நீங்கள் சொல்லி நான் தேட வேணுமோ?

மதுரைக்காரன்:
டெக்கை அளந்துட்டேன். 5 அடிதான் இருக்கு. அப்ப இன்ஸ்பெக்டர் ஏன் 42 கேட்டார்?

கணக்குப்பிள்ளை:
எங்க இருந்து அளந்தனீங்கள்? நிலம் சரிவோ?

பனங்காய்த்தம்பி:
இண்டைக்கு விடியவும் போய் ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டினன். அசையேல்லை.

தச்சன்_மார்க்கம்:
நீங்கள் ஆட்டினது நடுப் போஸ்ற். மூலையைப் பிடிச்சு வெளியால தள்ளுங்கோ. தாளையும் போடுங்கோ.